போர்க்கதையில் சோற்றுக் கணக்கு

முதல் உலகப் போரைப் பற்றிய நாவல் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் பெயர் எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் குயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. 1929-ல் ஜெர்மனியில் புத்தகமாக வந்தது. 1933-ல் நாஜிகள் தீயில் போட்ட புத்தகங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு பெயர் வாங்கிய போர் நாவல் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. போர்முனைக்கு ஒன்பது கிலோமீட்டர் பின்னால் ஓய்வுக்கு வந்திருக்கும் சிப்பாய்கள், வயிறு புடைக்க இறைச்சியும் பீன்ஸும் தின்றுவிட்டுச் சந்தோஷமாக இருக்கிறார்கள். இப்படி ஒரு சாப்பாடு கிடைத்து ரொம்ப நாளாகிறது.

கிடைத்த விதம் இது. சமையல்காரன் 150 பேருக்குச் சமைத்துவிட்டான். திரும்பி வந்தது 80 பேர். போர்முனையில் கடைசி நாள் ஆங்கிலேயப் பீரங்கிகள் எதிர்பாராமல் அடித்ததில் மற்றவர்கள் செத்தார்கள், அல்லது காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரொட்டி, சாசேஜ், சுருட்டு, சிகரெட் எல்லாமே 150 பேர் கணக்கில் வந்து இறங்கியிருக்கிறது. இருப்பவர்கள் இரட்டைப் பங்கு கேட்கிறார்கள். சமையல்காரன் மசிவதாக இல்லை. 80 பேருக்கு 80 பங்குதான், அதற்கு மேல் தரமாட்டேன் என்கிறான். வாக்குவாதம் முற்றும் நேரத்தில் கம்பெனி அதிகாரி வந்து அண்டாவைத் திறந்து பார்க்கிறார், எல்லாவற்றையும் போடச் சொல்லிவிடுகிறார். படிக்கிற நமக்கும் ‘அப்பாடா’ என்று இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது, நாம் இப்போது சந்தோஷப்பட்டது எழுபது பேருடைய பங்குக்காக.

வடசென்னையில் வாசக நண்பர்களோடு இந்த மாதிரி நாவல்களைப் பேசும்போது இரண்டு புகார் தவறாமல் வரும். ‘என்னப்பா, சண்டையே காணோம். எப்பப் பார்த்தாலும் தின்கிறான், தூங்குகிறான், பேன் குத்துகிறான்’ என்பது ஒன்று. ‘நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் போதும் என்று நினைக்கிறேன். இந்த நாவல்களை வேலைக்குப் போகிறவனின் கதையாகப் படிக்க வேண்டும். மேஸ்திரி, கூலி, ஷிப்டு, சாப்பாட்டு நேரம், கைகால் போகும் விபத்து, கூட வேலை செய்கிறவனின் தயவு, மேலே இருப்பவனின் திமிர் என்று ஒரு தொழிற்சாலைக் கதையில் வரும் அத்தனையும் இதில் வரும். ஆலைச் சங்கும் துறைமுகமும் ரயில்வே பட்டறையும் வளர்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கண்ணோடு படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுதியவர்கள் ஏன் சோற்றையும் சாக்ஸையும் பிடித்துக்கொண்டார்கள்? முதல் காரணம், எழுதியது யார் என்பதில் இருக்கிறது. அதுவரை போரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் தளபதிகள், அரண்மனைக் கவிஞர்கள், வரலாற்று ஆசிரியர்கள். 1914-ல் ஐரோப்பாவின் பெரிய நாடுகள் பலவற்றில் கட்டாய ராணுவ சேவையும் இருந்தது, கட்டாயப் பள்ளிக்கூடமும் வந்திருந்தது. அதனால் பதுங்குகுழிக்குள் போனவர்களில் குமாஸ்தா, பள்ளி மாணவன், தபால்காரன், வாத்தியார் என்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ரெமார்க்கே ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது 18 வயதில் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டவர், 1917-ல் குண்டுச் சிதறலில் காயப்பட்டவர். போரைக் கீழிருந்து பார்த்த ஆளின் கையிலேயே பேனாவும் வந்துவிட்டது. அப்படிப்பட்டவன் வரைபடத்தில் அம்புக்குறி போடமாட்டான். அவனுக்குத் தெரிந்தது தன் குழி, தன் தட்டு, தன் பக்கத்து ஆள்.

இரண்டாவது காரணம் வேலை நேரம். பதுங்குகுழிப் போரில் எந்தப் படையும் முன்வரிசையிலேயே கிடந்ததில்லை. சில நாள் முன்வரிசை, சில நாள் அதற்குப் பின்னால் உள்ள குழி, அப்புறம் ரிசர்வ், அப்புறம் ஓய்வு என்று முறை மாறும். ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பதும் இல்லை. குழி வெட்டு, முள்கம்பி தூக்கு, பெட்டி சும, சீருடையில் பொத்தான் இல்லையென்று திட்டு வாங்கு. ஆக, ஒரு சிப்பாயின் வருஷத்தில் துப்பாக்கி சுட்ட மணிநேரம் குறைவு, மண்வெட்டி பிடித்த மணிநேரம் அதிகம். உள்ளது உள்ளபடி எழுதினாலே அது ‘சண்டையே இல்லாத’ நாவலாகத்தான் வரும்.

இதை வேறு திசையில் இழுத்துக்கொண்டு போனவர் செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷெக். அவருடைய சிப்பாய் ஷ்வெய்க், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இருந்துகொண்டு போர்முனைக்குப் போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். ரயில் மாறுகிறான், வழி தவறுகிறான், குடிக்கிறான், அதிகாரிகளிடம் முடிவில்லாமல் கதை சொல்கிறான். கடைசியில் எதிரியின் சீருடையைப் போட்டுப் பார்த்ததால் சொந்தப் படையிடமே கைதியாகிறான். ஹாஷெக் 1923 ஜனவரியில் இறந்துபோனார், நாவல் முடியவில்லை. ஷ்வெய்க் ஒரு சண்டையைக்கூடப் பார்க்கவில்லை. போர் நாவல் வரிசையில் என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு அந்த நகைச்சுவை உடனே பிடிபடும்.

பாசறையில் கரும்பு தின்னாத யானை

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம்மிடம் இருப்பது வீரமும் பரணியும்தான் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அப்படி. முதல் நாள் தந்தையையும் அடுத்த நாள் கணவனையும் போரில் இழந்த பெண், ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பும் புறநானூற்றுப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். கலிங்கத்துப்பரணியில் சமையல் கூட வருகிறது, ஆனால் சமைப்பது பேய்கள், அதுவும் பிணங்களை வைத்து.

பத்துப்பாட்டிலேயே சின்னதான முல்லைப்பாட்டை அவ்வளவாக யாரும் இந்தப் பேச்சில் இழுப்பதில்லை. 103 அடிதான். எழுதிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன் வணிகர் ஒருவரின் மகன். பாட்டின் நடுவில் ஒரு பாசறை வருகிறது. காட்டைத் திருத்தி, முள்வேலி போட்டு, தழை வேய்ந்த குடிசைகள். சந்தியில் நிற்கும் யானை, முன்னால் போட்ட கரும்பையும் கதிர்க்கட்டையும் தின்னாமல் தந்தத்தில் துதிக்கையை வைத்துக்கொண்டு நிற்கிறது. இளம்பாகர்கள் அங்குசத்தால் குத்தி, தங்களுக்குப் பழகிப்போன வடசொற்களைச் சொல்லிச் சொல்லிக் கவளம் ஊட்டப் பார்க்கிறார்கள். இடுப்பில் சிறுவாள் கட்டிய பெண்கள் விளக்கு அணைய அணைய நெய் வார்த்துத் திரி கொளுத்துகிறார்கள். நீர்க் கடிகை பார்த்து நேரம் சொல்ல ஒரு கூட்டம். மெய்காப்பாளர்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. அரசனின் கூடாரத்தைக் காக்க, சட்டை போட்ட முரட்டு யவனர்கள். உள்ளே வாய் பேசாமல் உடம்பால் பேசும் வெளிநாட்டு ஆட்கள்.

இந்தப் பட்டியலில் வீரச் செயல் ஒன்றுகூட இல்லை. தீனி, விளக்கு, காவல், நேரம், பாஷை தெரியாத ஆட்கள் என்று முகாம் நடக்கும் விதத்தைக் கவிஞர் எழுதிக்கொண்டு போகிறார். அரசனுக்கும் தூக்கம் வரவில்லை. அவன் நினைப்பது வெட்டுப்பட்ட யானைகளை, செத்துப்போன வீரர்களை, அம்பு தைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி எடுக்காமல் தவிக்கும் குதிரைகளை. நெடுநல்வாடையிலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. வாடைக்காற்று அடிக்கும் நள்ளிரவில், தூறலில், அரசன் தூங்காமல் காயப்பட்டவர்களைப் பார்த்துவரச் சில பேரோடு பாசறையைச் சுற்றுகிறான். ‘நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான் சிலரொடு திரிதரும் வேந்தன்’ என்கிறது பாட்டு. ஒரு குறை உண்டு. இரண்டு பாட்டிலும் நாம் பாசறையை அரசனின் தூக்கமின்மை வழியாகத்தான் பார்க்கிறோம். யானைக்குக் கவளம் ஊட்டிய பையனுக்கு அன்று ராத்திரி என்ன கிடைத்தது என்று தெரியாது. அந்தப் பையன் பேச ஆரம்பித்தால் அதுதான் நாவல்.

காக்கி நெய்த ஊர்

போர் வடசென்னைக்கு வந்ததும் அன்றாட வாழ்க்கையின் வழியாகத்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். கப்பல் இருந்தது அரை மணி நேரம் போலத்தான், ஆனால் ஊர் ஓடியது. மூட்டை கட்டினார்கள், ரயில் ஏறினார்கள். அதே செப்டம்பர் 26-ல் இந்தியச் சிப்பாய்களின் முதல் பெரிய அணி பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது மறுபடியும் பட்டணம் காலியானது. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து புலி, சிங்கங்களை முன்கூட்டியே சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது.

ஆனால் எனக்குப் பெரிய சம்பந்தமாகப் படுவது பெரம்பூர்ப் பக்கத்தில் இருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைதான், ஊர்வாயில் பின்னி மில். அந்த மில்லின் காக்கி டிரில் துணி ராணுவத்துக்குப் போனது. நாவல்களில் சிப்பாய்கள் நனைந்து, கிழிந்து, பேன் பிடித்துத் திட்டிக்கொண்டே போட்டுக்கொள்ளும் அந்தச் சீருடைத் துணியைத் தறியில் நெய்தவர்கள் பெரம்பூர், புளியந்தோப்பு ஆட்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918 ஏப்ரலில்தான், விலைவாசி ஏறிக் கிடந்த நேரத்தில், அந்த மில் தொழிலாளிகளை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு முயற்சியில், பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட இருந்தார். அவர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. கை கழுவி, சோற்றைப் பிசைந்து, நாலு வாய் போடுவதற்குள் சங்கு ஊதிவிடும். அதே போரில், ரெமார்க்கின் நாவலில் வரும் பையன்கள் பிரான்ஸில் ஒரு மண்மேட்டில் கரண்டிக் கணக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே வேலை செய்கிறவனின் முதல் வழக்கு எங்கேயும் சோற்றில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பாத்திரங்களும் தெரிந்த முகங்களாகத் தெரிகின்றன. ரெமார்க்கின் பயிற்சி அதிகாரி ஹிம்மெல்ஸ்டாஸ், ஊரில் தபால்காரன். சட்டையில் ஒரு பட்டை ஏறியதும், படுக்கையைச் சரியாக விரிக்கவில்லை என்று ஒரே காலையில் பதினாலு முறை கலைத்துப் போட்டு விரிக்க வைக்கிறான். நேற்றுவரை நம்மோடு மூட்டை தூக்கியவன் மேஸ்திரியானதும் மாறிப்போகும் கதையைக் கேட்காத துறைமுகக் குடும்பம் இல்லை. கட்சின்ஸ்கி என்ற மூத்த சிப்பாய் வேறு மாதிரி. எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் எங்கிருந்தோ ரொட்டியும் வைக்கோலும் கொண்டுவந்துவிடுவான். படிப்பு கிடையாது, செருப்புத் தைக்கிறவன். படித்த பையன்கள் அவன் பின்னால்தான் நடக்கிறார்கள். பட்டறையில் எல்லா மிஷினும் யார் தொட்டால் ஓடுமோ அந்த அண்ணன் அவன்.

பூட்ஸ் விஷயம் இன்னும் அழுத்தமானது. கெம்மெரிக் என்ற பையனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் அவனுடைய பூட்ஸ் இருக்கிறது, முழங்கால் வரை வரும் மஞ்சள் தோல், இங்கிலாந்துச் சரக்கு. பார்க்க வந்த நண்பன் முல்லர் அதை இவனிடமே கேட்கிறான். படிக்கும்போது கோபம் வரும். ஆனால் கதை சொல்லும் பால் அவனைத் திட்டுவதில்லை. முல்லரும் நண்பனுக்காக வருத்தப்படுகிறவன்தான் என்றும், தன்னுடைய கால் பூட்ஸுக்குள் கடித்துக்கொண்டிருப்பதும் கெம்மெரிக்குக்கு இனி அது தேவைப்படாது என்பதும் அவனுக்குத் தெரியும் என்றும் சொல்கிறான். கெம்மெரிக் செத்ததும் பூட்ஸ் முல்லருக்கு. முல்லர் செத்ததும் பாலுக்கு. அதற்கு அடுத்து யாருக்கு என்பதையும் பால் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். சாவைப் பற்றி ஒரு பக்கம் தத்துவம் பேசியிருந்தால் மறந்துபோயிருப்போம். பூட்ஸ் மறக்காது.

வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கர் டிம் ஓ பிரையன், 1990-ல் வந்த ‘தி திங்ஸ் தே கேரீட்’ தொகுப்பின் தலைப்புக் கதையில் எடையை வைத்தே முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார். ரேடியோ 26 பவுண்டு, அதாவது பன்னிரண்டு கிலோ போல. மிஷின்கன் 23 பவுண்டு. இரும்புத் தொப்பி 5 பவுண்டு. லெப்டினன்ட் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கடிதங்கள் 10 அவுன்ஸ், முந்நூறு கிராமுக்கும் குறைவு. ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஒருவன் தலையில் சுடப்பட்டு விழுகிறான், அவனையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த லெப்டினன்டுக்கு, தான் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் போய்விட்டானே என்ற குற்றவுணர்வு. இந்தக் கதையை முதுகில் மூட்டை சுமந்தவர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினால், இலக்கியம் படித்தவர்களைவிடச் சீக்கிரம் அதன் சங்கதியைப் பிடித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கறுப்பு டிரங்க் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். இப்போது அதில் ரேஷன் அரிசி இருக்கிறது. சண்டையைப் பற்றிக் கேட்டால் ‘அது கிடக்குது விடு தம்பி’ என்பார். லங்கரைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். லங்கர் என்பது பட்டாளத்துச் சமையல்கூடம். ‘மேல மலையில குக்கர் இல்லாம பருப்பு வேகாது தம்பி. தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், பருப்பு மட்டும் கல்லு மாதிரி அப்படியே கிடக்கும். குக்கர் ரப்பர் பிஞ்சுபோச்சுன்னா அடுத்த சப்ளை வர்ற வரைக்கும் டின் சாப்பாடுதான். ராத்திரி பொகாரி பக்கத்துல சாக்ஸைக் காயப்போட்டுட்டுப் பக்கத்துலயே உட்காந்திருப்போம். சாக்ஸ் நனைஞ்சா கால் போச்சு.’ பொகாரி, அங்கே கூடாரத்துக்குள் வைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. எத்தனையோ ராணுவப் படங்கள் பார்த்திருக்கிறேன், குக்கர் ரப்பர் எதிலும் வந்ததில்லை.

இந்தச் சங்கதி தமிழில் நாவலாக எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்தால், குறைவுதான். அதற்கும் காரணம் தேடலாம். முதல் உலகப் போரில் பதிமூன்று லட்சம் போல இந்தியர்கள் சேவை செய்தார்கள், 74,000 பேர் வரை இறந்தார்கள். ஆனால் ‘போர்க்குணமுள்ள சாதிகள்’ என்று ஆங்கிலேயர் வைத்திருந்த கணக்கில் சென்னை மாகாணத்து ஆட்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஆள் எடுப்பு பெரும்பாலும் பஞ்சாபிலும் வடக்கிலும்தான். 18-ம் நூற்றாண்டிலிருந்து வரும் மெட்ராஸ் ரெஜிமென்ட் 1920-களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் உருவானது. முல்க் ராஜ் ஆனந்த் ‘அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்’ நாவலில் மார்செய்யில் இறங்கும் சிப்பாய்களை எழுதியபோது, அவருடைய நாயகன் லாலு பஞ்சாபி விவசாயி. நிலம் போன குடும்பம். ஆனந்தின் அப்பாவும் பட்டாளத்துக்காரர் என்பதால் அவருக்கு அந்த வாழ்க்கை வீட்டிலிருந்தே தெரியும். லாலுவின் சண்டை ஜெர்மானியனோடு கொஞ்சம், குளிரோடும் மேலதிகாரியோடும் அதிகம். அப்போது ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய்.

நாவல் எழுதாத சிப்பாய்கள் கடிதம் எழுதினார்கள், அல்லது எழுதத் தெரிந்தவனிடம் சொல்லி எழுத வைத்தார்கள். பிரான்ஸிலிருந்து ஊருக்குப் போன அந்தக் கடிதங்களை ராணுவத் தணிக்கையாளர்கள் மொழிபெயர்த்துப் பகுதி பகுதியாக எடுத்து வைத்ததால் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. தணிக்கை இருப்பது சிப்பாய்க்கும் தெரியும். அதனால் கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகாய் இன்னும் இருக்கிறது என்கிற ரீதியில் எழுதினார்கள். கறுப்பு என்றால் இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர்கள். ஆள் எண்ணிக்கையைச் சொல்லவும் அவர்களுக்குக் கைக்கு வந்தது அஞ்சறைப்பெட்டிச் சாமான்தான்.

தமிழில் இந்த வகையில் முதலில் நிற்பது ப.சிங்காரம். இந்தோனேசியாவில் வாழ்ந்து, போர் முடிந்தபின் 1946-ல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். ‘புயலிலே ஒரு தோணி’யில் ஜப்பானியர் வருகை, மெடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் எல்லாம் வருகின்றன. அவருடைய பாண்டியன் ராணுவத்தில் இருந்துகொண்டே நண்பர்களோடு குடிக்கிறான், தமிழ் இலக்கியத்தைக் கிண்டல் அடிக்கிறான், மதுரைத் தெருக்களை ஏங்கி நினைக்கிறான். பர்மா பஜாரிலும் வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களோடு பழகியவர்களுக்கு அந்த ஏக்கம் புதிதல்ல, திசைதான் வேறு. இவர்கள் இங்கே இருந்துகொண்டு ரங்கூன் தெருக்களை நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு ஈழத்துக்காரர்கள்தான் எழுதினார்கள். கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985-லேயே வந்துவிட்டது. இயக்க முகாமுக்குள் இருந்தவர் எழுதியது, முகாமுக்குள்ளேயே நடந்த கொலைகளைச் சொன்னது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001-ல் வந்தது. அவரும் சிறுவயதில் இயக்கத்தில் இருந்தவர். குணா கவியழகனின் ‘நஞ்சுண்ட காடு’ காட்டுக்குள் பயிற்சி எடுக்கும் பையன்களின் பசி, தண்டனை, நட்பு என்று போகிறது. தியாகம், துரோகம் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அடைத்துப் பேசிய காலத்தில், இந்த நாவல்கள் காவல் முறை, சாப்பாட்டு வரிசை, பொறுப்பாளரின் முகக்குறி என்று எழுதியது பெரிய காரியம். என் கணக்கில், சிப்பாயின் அன்றாடத்தைத் தமிழ் உரைநடைக்குள் உண்மையாகக் கொண்டுவந்தது இந்த எழுத்துதான்.

கதவுக்கு அந்தப் பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் சிப்பாய்க்குச் சாதகமான வாசிப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவனுடைய பசியையும் சாக்ஸையும் கூடவே இருந்து பார்த்தால், அவன் யாருடைய வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறான் என்பது மறந்துபோகும். வியட்நாமைப் பற்றி வந்த அமெரிக்க எழுத்தில் பெரும்பகுதி இந்தப் பொறியில் விழுந்தது. அமெரிக்கப் பையன்களின் பாரம் அவுன்ஸ் சுத்தமாகத் தெரியும், வியட்நாமியர்கள் மரத்துக்குப் பின்னால் நிழலாக வருவார்கள். அதனால்தான் பாவோ நின்னின் ‘தி சாரோ ஆஃப் வார்’ நாவலைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வடக்கு வியட்நாம் படையில் இருந்தவர். 1969-ல் போருக்குப் போன அவருடைய படைப்பிரிவின் 500 பேரில் உயிரோடு மிஞ்சிய பத்துப் பேரில் ஒருவர். அவருடைய நாயகன் போர் முடிந்தபின் காட்டில் பிணங்களைத் தேடி எடுக்கும் வேலையில் இருக்கிறான். அந்தப் பக்கத்துச் சிப்பாய்க்கும் சூதாட்டம், பசி, போதை, காதல் எல்லாம் இருந்திருக்கிறது.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இந்திய அமைதிப்படை 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். படையினர் கப்பலில் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில்தான். வரவேற்க அப்போதைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதைப் பற்றி இன்றுவரை இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். இறங்கியவர்களில் மெட்ராஸ் ரெஜிமென்டின் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களின் நினைவில் அதே படை என்பது 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம். அந்தக் குடும்பங்களில் எத்தனையோ பேர் பிறகு கும்மிடிப்பூண்டி முகாமில் வந்து தங்கினார்கள், வடசென்னையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போலத்தான். ஒரே ஊருக்குள், ஒரே பாஷையில், துப்பாக்கியின் இரண்டு பக்கத்து நினைவும் இருக்கிறது. அமைதிப்படைச் சிப்பாயின் அன்றாடத்தை யாராவது தமிழில் நாவலாக எழுதினால், அவனுடைய தட்டில் என்ன இருந்தது என்று எழுதும்போதே எந்த வீட்டு அடுப்படியைச் சோதனை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான் என்றும் எழுத வேண்டியிருக்கும். அது லேசான வேலை இல்லை.

சிப்பாய் ஒரு தொழிலாளி என்ற வாசிப்பு முட்டி நிற்கிற இடமும் இதுதான். பின்னி மில் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் இருந்தது, 1921-ல் மாதக்கணக்கில் செய்தும் காட்டினார்கள். சிப்பாய் வேலையை நிறுத்தினால் கோர்ட் மார்ஷல். தொழிலாளி கையில் வந்து சேருவது துணி, சிப்பாய் கையில் வந்து சேருவது பிணம். ரெமார்க்குக்கு இது தெரிந்திருந்தது. பால் ஒரு குண்டுக்குழிக்குள் ஒளிந்திருக்கும்போது மேலே வந்து விழும் பிரெஞ்சுக்காரனைக் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறான். பால் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான், கட்டுப் போடுகிறான். செத்தபிறகு பையில் இருந்த சம்பளப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறான். பெயர் ஜெரார் துவால், தொழில் அச்சுக் கோப்பது. மண்ணடி, ஜார்ஜ் டவுன் அச்சுக்கூடங்களில் ஈய எழுத்து பொறுக்கிய தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆளின் விரல் நுனி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் உதவுவேன், நானும் அச்சுக் கோக்கிறவனாகிறேன் என்று பால் பிணத்திடம் புலம்புகிறான்.

மறுநாள் தன் குழிக்குத் திரும்பி நண்பர்களிடம் சொல்கிறான். அவர்கள் அவனைச் சமாதானப்படுத்தும் விதம் வேறு. அங்கே பார் என்று ஓல்ரிச் என்ற குறிபார்த்துச் சுடும் ஆளைக் காட்டுகிறார்கள். அவன் தொலைநோக்கி வைத்த துப்பாக்கியோடு நின்று, அன்றைக்குச் சுட்டு விழுத்தினவர்களைச் சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறான். மூன்று ஆகிவிட்டது. இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் மெடல் குத்திவிடுவார்கள் என்கிறான் ஒரு நண்பன். மெடல் என்ன, சீக்கிரமே புரமோஷனே கிடைக்கும் என்று திருத்துகிறான் கட்சின்ஸ்கி, ரொட்டி தேடிக் கொண்டுவரும் அதே அண்ணன்.